ரெண்டு டியூப் லைட்டுக்கு ஒரு சோக் போதுமா?

சிவகாசி, சாத்தூர், விருதுநகர் பக்கம் எலக்ட்ரிக்கல் கடையில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தக் கேள்வி எப்படியும் காதில் விழும். "அண்ணாச்சி, ரெண்டு லைட்டுக்கு ஒரு சோக் போட்டா போதும்லா?" ஒரு கடையில் "அதெல்லாம் எரியாது தம்பி" என்பார்கள். அடுத்த கடையில் "எரியும், ஆனா ஸ்டார்ட்டர் வேற போடணும்" என்பார்கள். ரெண்டு பேர் சொல்வதும் சரிதான். டியூப் எத்தனை அடி, எப்படி இணைக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரெண்டடி டியூப் (18 அல்லது 20 வாட்) இரண்டை, ஒரே 36/40 வாட் காப்பர் சோக்கில் வரிசையாக, அதாவது சீரிஸில் இணைக்கலாம். அது ஒழுங்கான, உலகம் முழுக்க புழங்குகிற முறை. நாலடி டியூப் (36 அல்லது 40 வாட்) இரண்டை நம்ம ஊர் 230 வோல்ட்டில் ஒரு சோக்கில் ஓட்டக் கூடாது. எந்த அளவு டியூபாக இருந்தாலும் ஒரு சோக்கிலிருந்து பக்கவாட்டில், அதாவது பேரலலில் இரண்டுக்குப் பிரிக்கவே கூடாது.

ஏன் என்பதுதான் மீதிக் கட்டுரை. அச்சகம், காகிதக் கிட்டங்கி, தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசுக் கடை என்று எரியக்கூடிய சரக்கின் நடுவிலேயே வேலை நடக்கிற பகுதி இது. இங்கே ஒரு சோக்கை மிச்சம் பிடிப்பது வெறும் காசுக் கணக்கு இல்லை. இன்னொரு காரணமும் இருக்கிறது. பழைய டியூப் லைட்டைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. போடும் வேலை எல்லா இடத்திலும் நடக்கிறது. பழைய வயரிங் எப்படி இருந்தது என்று தெரியாமல் புதுசு மாட்டுவதில்தான் இப்போது அதிகச் சிக்கல்.

சோக் என்ன வேலை செய்கிறது?

டியூபுக்கு கரண்ட் "கொடுக்கிற" பெட்டி சோக் என்று பலர் நினைக்கிறார்கள். அதனால்தான் "பெரிய சோக்கா போட்டா நாலு லைட்டுக்குக் கூட வரும்" என்ற எண்ணமும் வருகிறது. உண்மையில் சோக் ஒரு பிரேக்.

சாதாரண குண்டு பல்பில் உள்ள இழை தன் வழியாகப் போகும் மின்னோட்டத்தைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும். டியூப் லைட்டில் அப்படி இல்லை. உள்ளே இருப்பது கொஞ்சம் ஆர்கான் வாயுவும் பாதரச ஆவியும். அதில் மின்சாரம் பாயத் தொடங்கிவிட்டால், பாய்ச்சல் கூடக் கூட வழி இன்னும் சுலபமாகிறது. ஓட்டம் அதிகரித்தால் டியூபின் இரு முனைகளுக்கு இடையிலான வோல்டேஜ் கூடுவதற்குப் பதிலாகக் குறைகிறது. இயற்பியலில் இதை எதிர்மறை மின்தடை என்பார்கள். இறக்கத்தில் உருளும் வண்டி மாதிரி, பிரேக் இல்லாவிட்டால் கட்டுக்கடங்காமல் போய் சில நொடிகளில் டியூப் கருகிவிடும். அந்த பிரேக்தான் சோக்: இரும்புத் தகடுகளின் மேல் சுற்றிய செப்புக் கம்பிச் சுருள்.

அதற்கு இரண்டாவது வேலையும் உண்டு. சுவிட்சைப் போட்டதும் ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் குட்டிக் கண்ணாடிக் குமிழ் மினுக்கி, அதன் உள்ளே இருக்கிற உலோகப் பட்டை சூடாகி வளைந்து ஒட்டிக்கொள்கிறது. டியூபின் இரண்டு முனையிலும் உள்ள இழைகள் வழியாக மின்சாரம் ஓடி அவை சூடேறுகின்றன. ஸ்டார்ட்டர் ஆறியதும் பட்டை விலகுகிறது. ஓடிக்கொண்டிருந்த மின்சாரம் திடீரென்று அறுபடுவதால் சோக் ஒரு உதை கொடுக்கும். அது பல நூறு வோல்ட் இருக்கும். அந்த உதையில்தான் டியூப் பற்றிக்கொள்கிறது.

இந்த இரண்டு வேலையையும் மனதில் வைத்துக்கொண்டால், எது நடக்கும் எது நடக்காது என்பதை நாமே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

பேரலல் ஏன் கூடாது?

ஒரு சோக்கிலிருந்து வயரைப் பிரித்து இரண்டு டியூபுக்குப் பக்கவாட்டில் கொடுத்தால், இரண்டில் ஒன்று முதலில் எரியும். ஒரு நாலடி டியூப் எரிந்துகொண்டிருக்கும்போது அதன் முனைகளுக்கு இடையே சுமார் 103 வோல்ட்தான் இருக்கும். பக்கத்தில் இருக்கும் இரண்டாவது டியூபுக்கும் அதே 103 வோல்ட்தான் கிடைக்கும். அது பற்றுவதற்கு அது போதாது. தப்பித்தவறி இரண்டும் எரிந்துவிட்டாலும் நிலைக்காது. எதில் ஓட்டம் கொஞ்சம் அதிகமோ அதன் வழி இன்னும் சுலபமாகி, மற்றதன் பங்கையும் அதுவே இழுத்துக்கொள்ளும்.

எவ்வளவு பெரிய சோக் போட்டாலும் இதே கதைதான். பெரிய சோக் என்றால் பிரேக் தளர்வு என்று அர்த்தம். ஒரு டியூப் மட்டும் எரிகிற நேரத்தில் அந்த ஒன்றின் வழியாகவே மொத்த ஓட்டமும் போகும்.

ரெண்டடி டியூபின் சீரிஸ் கணக்கு

சீரிஸில் இந்தச் சண்டை கிடையாது. ஒரே ஓட்டம்தான் இரண்டிலும் போகிறது. பங்கு போடுவதற்கே அங்கு ஒன்றும் இல்லை. பார்க்க வேண்டியது வோல்டேஜை மட்டும்தான்.

ரெண்டடி 18 வாட் டியூபுக்கு எரியும்போது சுமார் 57 வோல்ட் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து 114. நாலடி 36 வாட் டியூப் ஒன்றுக்கே 103 வேண்டும் என்று பார்த்தோம். ஆக, சோக்கின் பார்வையில் ரெண்டடி டியூப் இரண்டும் சேர்ந்து ஒரு நாலடி டியூப் மாதிரிதான். அதனால்தான் 36 வாட் சோக் அதற்குப் பொருந்துகிறது. நீளத்தையே கூட்டிப் பார்த்தாலும் இரண்டும் இரண்டும் நாலு.

இணைப்பு இப்படி: ஃபேஸ் சுவிட்ச் வழியாக சோக்குக்கு, சோக்கிலிருந்து முதல் டியூபின் ஒரு முனைக்கு, அதன் மறு முனையிலிருந்து இரண்டாவது டியூபின் ஒரு முனைக்கு, அதன் மறு முனையிலிருந்து நியூட்ரலுக்கு. ஒவ்வொரு டியூபின் குறுக்கேயும் தனித்தனி ஸ்டார்ட்டர். இரண்டு டியூபும் வேறு வேறு ஃபிட்டிங்கில் இருந்தாலும் முறை இதேதான். இரண்டாவது ஃபிட்டிங்கில் சோக் இருக்காது, அவ்வளவுதான்.

இதில் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஸ்டார்ட்டர். கடையில் சும்மா "ஸ்டார்ட்டர்" என்று கேட்டால் எஸ்10 என்று அச்சிட்டதைக் கொடுப்பார்கள். அது 230 வோல்ட்டில் ஒற்றை டியூபுக்கானது. சீரிஸில் இருக்கும்போது தொடக்கத்தில் ஒவ்வொரு ஸ்டார்ட்டருக்கும் பாதி, அதாவது 115 வோல்ட்தான் கிடைக்கும். அதில் எஸ்10 மினுக்காது. இதற்கென்றே எஸ்2 என்று ஒன்று இருக்கிறது. 4 முதல் 22 வாட் வரை, சீரிஸ் என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். "ஸ்டார்ட்டர் வேற போடணும்" என்று சொன்ன அண்ணாச்சி சொன்னது இதைத்தான்.

இரண்டு ஸ்டார்ட்டரும் ஒரே நேரத்தில் விலகாது. முதலில் விலகியதற்குச் சோக்கின் உதை முழுதாகக் கிடைத்து அந்த டியூப் பற்றும். பிறகு அடுத்தது. அதனால் இந்த வகை லைட் ஒற்றை டியூபைவிட ஒன்றிரண்டு முறை அதிகமாகக் கண் சிமிட்டிவிட்டுத்தான் எரியும். அது கோளாறு இல்லை.

ஆபீஸ் ஃபால்ஸ் சீலிங்கில் ரெண்டடிக்கு ரெண்டடி சதுர ஃபிட்டிங் பார்த்திருப்பீர்கள். நாலு 18 வாட் டியூப் இருக்கும். காப்பர் சோக் காலத்து ஃபிட்டிங்கைத் திறந்து பார்த்தால் உள்ளே சோக் இரண்டுதான் இருக்கும். ஒரு டியூப் போனால் ஜோடியாக இரண்டு அணைந்துவிடும். இரண்டில் எது போயிருக்கிறது என்று தெரிய, நல்ல டியூப் ஒன்றை ஒவ்வொரு இடமாக மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் மென்பொருள் உலகில் இதைச் சொல்ல ஒரு பெரிய சொல்லே வைத்திருக்கிறோம். எலக்ட்ரீஷியன் அண்ணன்கள் "ஜோடி லைட்டு" என்று முடித்துவிடுவார்கள்.

இதில் நிஜமான லாபமும் உண்டு. சோக் தன் பங்குக்கு சுமார் 10 வாட் வரை சூடாகவே வீணாக்கும். இரண்டு சோக் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று இருந்தால் அந்த வீணும் கிட்டத்தட்டப் பாதியாகும்.

நாலடி டியூபில் ஏன் நடக்காது?

இப்போது அதே கணக்கை நாலடிக்குப் போடுவோம். 103 வோல்ட் இரண்டு முறை, மொத்தம் 206. கரண்ட் 230 இருக்கிறது, மீதி 24 சோக்குக்கு என்று தோன்றும். நேராகக் கழிக்கக் கூடாது. சோக்கின் வோல்டேஜும் டியூபின் வோல்டேஜும் ஒரே கட்டத்தில் ஏறி இறங்குவதில்லை. செங்கோண முக்கோணம் மாதிரிக் கணக்குப் போட வேண்டும். 230-இன் வர்க்கத்திலிருந்து 206-இன் வர்க்கத்தைக் கழித்து மூலம் எடுத்தால் சோக்குக்கு சுமார் 102 வோல்ட் கிடைக்கிறது. "அப்போ சின்ன சோக்கா போட்டா எரியுமே" என்று கேட்கலாம். பேப்பரில் எரியும்.

பிரச்சினை ஊர் கரண்டில் இருக்கிறது. தாழ்வழுத்த இணைப்பில் 230 வோல்ட் 6 சதவீதம் கூடலாம், குறையலாம் என்பது நம் நாட்டு மின்சார விதிகளில் இருந்துவரும் வரம்பு. அதாவது 216 முதல் 244 வரை.

சாதாரண ஒற்றை நாலடி டியூபை எடுத்துக்கொள்ளுங்கள். 230-இல் 0.43 ஆம்பியர் ஓடுகிறது. 216-க்கு இறங்கினால் சுமார் 0.40, 244-க்கு ஏறினால் சுமார் 0.46. எட்டு சதவீதத்துக்குள் அடங்கிவிடுகிறது. ரெண்டடி ஜோடிக்கும் ஏறத்தாழ இதே அளவு மாற்றம்தான்.

நாலடி ஜோடியில், அதே 6 சதவீத ஏற்ற இறக்கத்துக்கு ஓட்டம் 0.43-இலிருந்து 0.27-க்கு விழுகிறது, அல்லது 0.55-க்கு எகிறுகிறது. டியூபின் வோல்டேஜ் மாறாமல் இருப்பதாக வைத்துக்கொண்டு போட்ட தோராயக் கணக்குதான் இது. ஆனாலும் போக்கு தெளிவாகத் தெரிகிறது. மின்னழுத்தம் 206-க்குக் கீழே போனால் எதுவுமே இல்லை. சாயங்காலம் எல்லா வீட்டிலும் லைட் போட்டதும் கரண்ட் மங்குகிற தெருவில் இருந்தவர்களுக்கு 200 வோல்ட் ஒன்றும் புதிதல்ல.

அதோடு, டியூப் நொடிக்கு 100 முறை கிட்டத்தட்ட அணைந்து மறுபடி பற்றுகிறது. ஒவ்வொரு முறை பற்றவும் 103-ஐவிடக் கொஞ்சம் கூடுதலான வோல்டேஜ் தேவை. அந்த மிச்சம் கையில் இருக்க வேண்டும். மொத்தத்தில் டியூபுகளின் வோல்டேஜ் கரண்டின் பாதியை ஒட்டி இருந்தால் நிம்மதி. தொண்ணூறு சதவீதத்தை அதுவே விழுங்கினால் பிரேக் பிடிக்க இடமே இல்லை.

இணையத்தில் தேடினால் நாலடி டியூப் இரண்டுக்கு ஒரே பேலஸ்ட் போட்ட படங்கள் ஏராளமாகக் கிடைக்கும். பெரும்பாலும் அமெரிக்கப் படங்கள். அங்கே வீட்டுக்கு வருவது 120 வோல்ட். 103 வோல்ட் கேட்கும் ஒரே ஒரு டியூபைக்கூட வெறும் சோக்கால் ஓட்ட முடியாது. அதனால் அவர்கள் பேலஸ்ட்டுக்குள்ளேயே வோல்டேஜை உயர்த்தும் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றை வைத்தார்கள். உயர்த்துவதே உயர்த்துகிறோம், இரண்டு டியூபுக்குச் சேர்த்து உயர்த்துவோம் என்று ஆகிவிட்டது. அந்தப் பெட்டி வேறு, நம் சோக் வேறு. அந்தப் படத்தைப் பார்த்து இங்கே இணைத்தால் சரிவராது.

அச்சகத்தில் ஏன் ரெண்டு லைட்டுக்கு ரெண்டு சோக்?

1923 வாக்கில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுவந்து தொடங்கிய தீப்பெட்டித் தொழிலிலிருந்துதான் சிவகாசியின் அச்சுத் தொழில் கிளைத்தது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டுமே. இன்று காலண்டர், டைரி, நோட்டு என்று ஊரே அச்சு இயந்திரச் சத்தத்தில் இருக்கிறது. இந்த அச்சகங்களில் லைட் வயரிங்குக்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு.

காப்பர் சோக்கில் எரியும் டியூப் நொடிக்கு 100 முறை மங்குகிறது. கண்ணுக்குத் தெரியாது, சுழலும் பொருளின் மேல் அந்த வெளிச்சம் பட்டால் தெரியும். மணிக்கு 10,000 தாள் ஓடும் ஆஃப்செட் மெஷினில், தாளுக்கு ஒரு சுற்று என்றால் சிலிண்டர் நொடிக்கு 2.78 சுற்று சுற்றும். அதன் பக்கத்தில் 36 பல் உள்ள சக்கரம் இருந்தால் நொடிக்கு 100 பல் கடக்கும். ஒவ்வொரு முறை வெளிச்சம் கூடும்போதும் ஒரு பல் இருந்த இடத்தில் அடுத்த பல் வந்து நிற்கும். பார்ப்பவருக்குச் சக்கரம் நின்றுகொண்டிருப்பது போலவோ மெதுவாக நகர்வது போலவோ தோன்றும். 1,500 சுற்று மோட்டாரில் நாலு ஆரம் உள்ள புல்லிக்கும் இதே கதைதான். நிற்கிறது என்று நினைத்துத் துணியோடு கையை நீட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சீரிஸில் ஒரு சோக்கைப் பங்கிடும் ஜோடியில் இரண்டு டியூபிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். இரண்டும் ஒரே கணத்தில் மங்கும், ஒரே கணத்தில் பிரகாசிக்கும். இயந்திரத்துக்கு மேலே தொங்கவிட இதைவிட மோசமான ஏற்பாடு கிடையாது.

இதற்காகவே பழைய தொழிற்சாலை டபுள் ஃபிட்டிங்கில் வேண்டுமென்றே இரண்டு சோக் வைத்தார்கள். ஒன்று சாதாரணமாக. இன்னொன்றோடு வரிசையாக சுமார் 3.5 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று. சோக் மட்டும் உள்ள டியூபில் ஓட்டம் வோல்டேஜுக்குப் பின்தங்கும். கெபாசிட்டர் உள்ளதில் முந்தும். ஒன்று மங்கும்போது மற்றது பிரகாசமாக இருக்கும். கூடவே பவர் ஃபேக்டரும் சரியாகிவிடும். வெறும் சோக் லைட்டில் அது 0.5-ஐ ஒட்டித்தான் இருக்கும். இன்னொரு வழி, பக்கத்துப் பக்கத்து லைட்களை மூன்று ஃபேஸிலும் மாற்றி மாற்றிக் கொடுப்பது. எலக்ட்ரானிக் சோக் நொடிக்குப் பல்லாயிரம் முறை மாறுவதால் அதில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

ஆகவே அச்சகத்தில் டபுள் ஃபிட்டிங்கைத் திறந்து இரண்டு சோக் இருப்பதைப் பார்த்து "ஒண்ணு தண்டம்" என்று கழற்றிவிடாதீர்கள். அதற்கு அங்கே வேலை இருக்கிறது.

சூடும் பட்டாசுக் கடையும்

சோக் மேல் டி.டபிள்யூ. 130 என்று குறித்திருப்பதைப் பார்க்கலாம். உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் 130 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து பத்து வருடம் தாங்கும் என்ற கணக்கு அது. பக்கத்திலேயே 55 மாதிரி ஒரு எண் இருக்கும். சாதாரண ஓட்டத்தில் சுருளின் சூடு சுற்றுப்புறத்தைவிட அவ்வளவு டிகிரி கூடும் என்று பொருள். கத்திரி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே 45 டிகிரி என்றால் சுருள் 100 டிகிரி. ஸ்டார்ட்டர் ஒட்டிக்கொண்டு டியூப் இரண்டு ஓரமும் மட்டும் சிவந்து நின்றால், வழக்கத்தைவிட அதிக ஓட்டம் சோக்கில் நிற்காமல் போகும். சூடு இன்னும் ஏறும். எரியாத லைட் தானே என்று சுவிட்சை அணைக்காமல் விடுவது இதனால்தான் ஆபத்து. ஜோடி லைட்டில் இரண்டு ஸ்டார்ட்டர் என்பதால் ஒட்டிக்கொள்ள வாய்ப்பும் இரண்டு.

பட்டாசு ஆலைகளில் மருந்து கையாளும் அறைகளில் பொதுவாகப் பகல் வெளிச்சத்தில்தான் வேலை. டியூப் லைட் கேள்வி வருவது அலுவலகம், பேக்கிங் பொருள் கிட்டங்கி, விற்பனைக் கடை ஆகிய இடங்களில். தீபாவளிக்குப் போடும் தற்காலிகக் கடைகளுக்கு 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளில் 84-ஆவது விதி தெளிவாகவே சொல்கிறது. மின்விளக்கு போட்டால் சுவரிலோ கூரையிலோ நிலையாகப் பொருத்தியிருக்க வேண்டும். வயரில் தொங்கவிடக் கூடாது. சுவிட்ச் சுவரில் உறுதியாக இருக்க வேண்டும், ஒவ்வொரு கடை வரிசைக்கும் ஒரு மெயின் சுவிட்ச் வேண்டும். ஒரு ஃபிட்டிங்கிலிருந்து அடுத்த ஃபிட்டிங்குக்குத் தொங்கும் வயர், முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட், ஆட்டம் காணும் ஹோல்டர் எல்லாமே இந்த விதி தடுக்க நினைப்பவை. தளர்ந்த இணைப்பில் பொறி பறக்கும். சீரிஸ் ஜோடியில் அந்த இணைப்பு வயரில் சோக்கின் பல நூறு வோல்ட் உதையும் சேர்ந்து வரும்.

எல்.இ.டி. மாட்டும்போது

பாதரசப் பயன்பாட்டைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கையில் இந்தியாவும் இருக்கிறது. 2023 நவம்பரில் ஜெனீவாவில் கூடியபோது, டியூப் லைட் தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-க்குள் நிறுத்துவது என்று முடிவெடுத்தார்கள். எப்படியும் மாற்றத்தான் போகிறோம்.

ஒற்றை சோக், ஒற்றை டியூப் ஃபிட்டிங் என்றால் சுலபம். பல எல்.இ.டி. டியூபுகளோடு ஸ்டார்ட்டர் மாதிரியே ஒன்று தருவார்கள். உள்ளே ஃபியூஸ் மட்டும் இருக்கும். பழைய ஸ்டார்ட்டரை எடுத்துவிட்டு அதை மாட்டினால் எரியும். ஜோடி ஃபிட்டிங்கில் இதை அப்படியே செய்தால் இரண்டு எல்.இ.டி. டியூபும் சீரிஸில் வந்துவிடும். உள்ளே இருக்கும் டிரைவர்கள் 230 வோல்ட்டை ஒழுங்காகப் பாதிப் பாதி பிரித்துக்கொள்ளாது. ஒன்று மினுக்கும், ஒன்று சீக்கிரம் போகும். ஆகவே சோக்கையும் ஸ்டார்ட்டரையும் கழற்றிவிட்டு, ஒவ்வொரு டியூபுக்கும் ஃபேஸும் நியூட்ரலும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். எல்.இ.டி.யில் பேரலல்தான் சரி, ஏனென்றால் ஒவ்வொரு டியூபுக்குள்ளும் அதன் பிரேக் தனியாக இருக்கிறது.

டியூபில் ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் ஒரே முனையிலா, எதிர் எதிர் முனையிலா என்று அட்டையில் உள்ள படத்தைப் பார்த்துத்தான் வயர் கொடுக்க வேண்டும். எதிர் முனை வகையில், ஒரு பக்கம் மட்டும் சொருகிய நிலையில் கையில் இருக்கும் மறுமுனைப் பின்னில் ஷாக் அடிக்கலாம். சுவிட்சை மட்டும் நம்பாமல் மெயினை அணைத்துவிட்டு வேலை பாருங்கள், டெஸ்டர் வைத்துப் பாருங்கள். மின் உரிமம் உள்ளவரை வைத்துச் செய்வது நல்லது. மாற்றிய ஃபிட்டிங்கில் "எல்.இ.டி. மட்டும், சோக் இல்லை" என்று மார்க்கரில் எழுதி வையுங்கள். நாளைக்கு வேறொருவர் அதில் பழைய டியூபைச் சொருகினால், அதன் இழைக்கு நேராக 230 வோல்ட் போகும்.

அச்சக நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. மலிவான எல்.இ.டி. டியூப் சிலவும் நொடிக்கு 100 முறை மினுக்கும். வாங்கும் முன் எரியவிட்டு, செல்போன் கேமராவை அருகில் பிடித்துப் பாருங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் அழுத்தமாக ஓடினால் அதை மெஷினுக்கு மேலே மாட்டாதீர்கள், ஆபீஸ் அறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.